ரேடியேட்டர் மூடியும் தமிழ் பேசிய ஒட்டகமும்

அன்புள்ள விக்கி,

இப்போது நான் எழுதப்போகும் கதையை இந்த ஏழு எமிரேட்டிலும், நீ வேலை பார்க்கும் தோஹாவிலும், நம்ம கோவில்பட்டியிலும் ஓர் உயிர்கூட நம்பாது என்று, எதிரே இருக்கும் குப்பூஸ் ரொட்டிப் பொட்டலத்தின் மேல் கையடித்துச் சத்தியம் செய்து ஆரம்பிக்கிறேன். நீயாவது நம்பு என்றும் நான் கேட்கப்போவதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அஜ்மான் ஹாலில் உன் கல்யாண ரிசப்ஷன். நீயும் நித்யாவும் நம்ம பழைய வண்டியில்தான் வந்து இறங்குவீர்கள் என்று நீ அடம் பிடிக்கிறாய். வந்து இறங்கிய பிறகு என்னை மேடையில் ஏற்றி, கையில் மைக்கைக் கொடுத்து, 'அந்த ரேடியேட்டர் கதையைச் சொல்லுங்க அங்கிள்' என்று கேட்கப்போகிறார்கள். ஆக, எனக்கு முன்னால் இரண்டு வேலை. வண்டிக்கு வேறு ரேடியேட்டர் பார்க்க வேண்டும். அந்தக் கதையை மறுபடி சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். முதல் வேலை முடிந்துவிட்டது. இரண்டாவதுதான் என்னை ஒரு வாரமாக உட்கார விடாமல், வீட்டுக்கும் எதிரே இருக்கும் மணல் பார்க்கிங்குக்கும் ஓட விட்டுக்கொண்டிருக்கிறது.

வண்டியின் பெருமையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்வேன், எனக்கு வாய் சும்மா இருக்காது. அமெரிக்காவில் பிறந்து, ஷார்ஜாவில் ஒரு அரபியிடம் வளர்ந்து, கடைசியில் நம்மிடம் வாழ்க்கைப்பட்ட இரட்டைக் கதவு ராட்சசன். பானெட்டைத் திறந்தால் உள்ளே ஆறு பேருக்கு பெட் ஸ்பேஸ் போட்டு வாடகைக்கு விடலாம். எட்டு சிலிண்டரும் சேர்ந்து உறுமினால் அல் குசைஸில் பால்கனி துணிகள் தானாகக் காய்ந்துவிடும். அது பெட்ரோல் குடிக்கிற வேகத்தைப் பார்த்துத்தான் எண்ணெய் நாடுகள் எல்லாம் கூடிக் கூடிப் பேசுகின்றன என்று எனக்கு நம்பத்தகுந்த தகவல் உண்டு. முப்பது வருஷமாக ஏசி டக்ட் வரைபடம் போட்டு ஊரான் கட்டடத்தையெல்லாம் குளிர வைத்த உன் அப்பனால், இந்த ஒரு எஞ்சினை மட்டும் குளிர வைக்க முடியவில்லை. போன மாதம் ரேடியேட்டரின் தகடுகளை குல் பாய் விரலால் தொட்டார். அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்தது.

குல் பாயை உனக்குத் தெரியும். ஷார்ஜா தொழிற்பேட்டையில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருக்கும் பெஷாவர்காரர். தாடியில் பாதி இப்போது வெள்ளை, பாதி மருதாணி. "மதராஸி பாய், இது காலாஸ். இனிமே ஒட்டவும் முடியாது, அழவும் முடியாது. புதுசு வாங்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நீ தோஹாவிலிருந்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை அடுக்கினால் துபாயிலிருந்து தோஹாவுக்கு ஒரு பாலம் போடலாம். "அப்பா, காப்பர் வேண்டாம், அலுமினியம் போங்க. நாலு வரிசை, மூணு வரிசைன்னு கடைக்காரன் சொன்னா மயங்காதீங்க. வரிசை எத்தனைங்கிறது முக்கியமில்ல, குழாய் எவ்வளவு அகலம்ங்கிறதுதான் முக்கியம். அகலமான குழாய் ரெண்டு வரிசை போதும். ஃபேனைச் சுத்தி அந்தக் கூடு கட்டாயம் வேணும், இல்லன்னா சிக்னல்ல நிக்கும்போது ஃபேன் வெறும் காத்தைத்தான் கடையும். எல்லாத்துக்கும் முன்னாடி எஞ்சின் நம்பரைப் பார்த்து எனக்கு அனுப்புங்க. ப்ளீஸ்ப்பா, அதுக்கு அப்புறம் ஆர்டர் போடுங்க."

ப்ளீஸ் என்று வேறு சொன்னாய். நான் என்ன செய்தேன்? எஞ்சின் நம்பரைப் பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும், டார்ச் வேண்டும், கண்ணாடி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே பொறுமை வேண்டும். அந்த நாலாவது சாமான் நம்ம வீட்டில் என்றைக்கு இருந்தது? வண்டி பிறந்த வருஷம்தான் எனக்கு மனப்பாடமாயிற்றே. அதைச் சொல்லி, நாலு வரிசை காப்பர் ரேடியேட்டர் ஒன்றை அன்றைக்கே ஆர்டர் போட்டேன். காப்பர் என்றால் ரோட்டோரத்தில்கூட ஈயம் வைத்து ஒட்டிவிடலாம், அலுமினியம் விரிசல் விட்டால் அதற்கென்று ஆளைத் தேட வேண்டும் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். நியாயம் சரியானதுதான். அவசரம்தான் தப்பு.

பெட்டி வந்தது. பட்டறைக்குக் கொண்டுபோய், ராஜா வீட்டுச் சீர்வரிசை மாதிரி குல் பாய் முன்னால் இறக்கி வைத்தேன். அவர் அதை வண்டிக்குள் நிறுத்திப் பார்த்தார். வெளியே எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு என்னையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"பாய், இந்த வண்டி உன்னோடதா, பக்கத்து வீட்டுக்காரனோடதா?"

"என்னோடதுதான். ஏன்?"

"எஞ்சினோட கீழ்ப்பக்க ஹோஸ் இந்தப் பக்கம் வருது. நீ வாங்கின ரேடியேட்டர்ல வாய் அந்தப் பக்கம் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல நீ படுத்துக்கப் போறியா?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்த அரபி வைத்திருந்த காலத்திலேயே பழைய எஞ்சினை எடுத்துவிட்டு, பின்னால் வந்த வருஷத்து எஞ்சினைப் போட்டிருந்தான். வண்டிக்கு ஒரு வயது, எஞ்சினுக்கு வேறு வயது. இருபது வருஷம் ஓட்டிய எனக்கு அது மறந்துபோயிருந்தது. சின்ன வயதில் என்னோடு பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற உனக்கு மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது. குல் பாய் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பட்டறை டெம்போ ஒன்று ஜாக்கியிலிருந்து இறங்கிவிட்டது.

இரு. கீழே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.

போய் வந்துவிட்டேன். வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்திருக்கிறேன், சொட்டு விழுகிறதா என்று பார்க்க. ஒரு ஈரப் புள்ளி தெரிந்தது. குனிந்து மோந்து பார்த்து, விரலால் தொட்டு, கடைசியில் அது என் மூக்கிலிருந்து விழுந்த வியர்வை என்று கண்டுபிடித்தேன். காலையிலிருந்து ஐந்தாவது தடவை இது. வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான்.

அதை விடு, கதைக்கு வருகிறேன். உனக்குப் பத்து வயதில், ஒரு ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை, நாம் இரண்டு பேரும் கோர்பக்கான் கடலுக்குப் போனோம். உங்கம்மா தலைவலி என்று வீட்டில் இருந்துகொண்டாள். மசாஃபி மலை ஏற்றத்தில் வண்டி கொதித்து நின்றது. இதற்குப் பிறகு நடந்ததை நான் பதினெட்டு வருஷமாக எத்தனை பிறந்தநாள், எத்தனை பொங்கல் சாப்பாடு, எத்தனை வழியனுப்பு விருந்துகளில் சொல்லியிருக்கிறேன் என்று உனக்கே தெரியும். நான் அசந்த நேரத்தில் நீ ஓடிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்தாய். வெந்நீர் பனைமர உயரத்துக்குக் கிளம்பியது. மூடி பறந்துபோய் ஹெலிகாப்டர் ஒன்றில் பட்டு, திசை மாறி, கடல் தாண்டி ஈரானில் விழுந்தது. அங்கே ஒருவர் அதை இன்றைக்கும் தேநீர்க் கெண்டிக்கு மூடியாக வைத்திருக்கிறார். இதில் உச்சக்கட்டம் ஒட்டகம். நீ மூடியில் கை வைத்த நேரத்தில், ரோட்டோரத்தில் நின்ற ஒட்டகம் ஒன்று கழுத்தை நீட்டி, சுத்தத் தமிழில், 'ஆறட்டும்பா, கொஞ்சம் ஆறட்டும்' என்று சொன்னது. கோர்பக்கான் ஒட்டகத்துக்குத் தமிழ் எப்படி வந்தது என்று யாராவது கேட்பார்கள். பக்கத்துத் தொழிலாளர் கேம்பில் நம்ம புதுக்கோட்டைப் பையன்களோடு பழகியதில் வந்தது என்பேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். சட்டையின் முழுக்கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டு சிரிப்பாய்.

போன சனிக்கிழமை நித்யா வீட்டுக்கு வந்திருந்தாள். ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்த பெண், தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிக்கிறாள், நடுவில் ஒரு 'யல்லா' வேறு. உங்கம்மாவோடு புடவை பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், ஸ்டேஜ்ல நீங்க அந்தக் கேமல் கதை சொல்லியே ஆகணும். நான் எம்சி கிட்ட சொல்லிட்டேன்."

நான் மீசையை முறுக்கினேன். "சொல்லிட்டாப் போச்சு."

"விக்கி கையில அந்தத் தழும்பு இருக்கில்ல, இங்கேருந்து இங்க வரைக்கும். எப்படி ஆச்சுன்னு கேட்டேன். 'நான் சின்னப் பையனா இருக்கும்போது சேட்டை பண்ணேன், அப்பா பாவம், பயந்துட்டாரு' அப்படின்னான். ஸோ ஸ்வீட் இல்ல அங்கிள்?"

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். என் கை மீசையிலேயே நின்றுவிட்டது. ஊருக்கு அப்படிச் சொன்னாய், சரி. உறவுக்காரர்கள் உன்னை 'ரேடியேட்டர்' என்று கூப்பிட்டபோது பேசாமல் இருந்தாய், அதுவும் சரி. கட்டிக்கொள்ளப் போகிறவளிடம், அதுவும் நான் பக்கத்தில் இல்லாத இடத்தில், என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று உனக்கு என்னடா தலையெழுத்து?

நித்யா போனதும் உங்கம்மாவிடம் சொன்னேன். அவள் குளியலறை ஹீட்டர் ஸ்விட்சை அணைக்கப் போய்க்கொண்டிருந்தாள். நடந்துபோகிறவளின் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன், முகத்தைப் பார்த்துச் சொல்கிற துணிச்சல் இந்த மாவீரனுக்கு இல்லை. "ஏய், அன்னைக்கு மூடியைத் திறந்தது அவன் இல்ல. நான்."

நின்றாள். திரும்பவில்லை. "என்ன சொன்னீங்க?"

"நான்தான் திறந்தேன்."

"பிள்ளையை நான் எத்தனை தடவை ஏசியிருப்பேன்! 'கை சும்மா இருக்காதா'ன்னு எத்தனை தடவை! அடுப்புப் பக்கம் விடல, சைக்கிள் வாங்கித் தரல, ஸ்கூல்ல லேப் போறப்பல்லாம் டீச்சருக்கு ஃபோன் போட்டு 'இவனைக் கவனமாப் பாத்துக்கோங்க'ன்னு சொன்னேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

"ஒட்டகக் கதை வேற!"

அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு இட்லி வந்தது, சட்னி வரவில்லை. மூன்றாம் நாள் தட்டை என் முன்னால் வைத்த சத்தம் கீழ்வீட்டு மலையாளிகளை பால்கனிக்கு வரவழைத்தது. அப்போது சொன்னாள்: "ஸ்டேஜ்ல சொல்றது அப்புறம். மொதல்ல அவனுக்கு எழுதுங்க. ஃபோன்ல வேணாம், ஃபோன்ல பேசினா நீங்க நடுவுல ஒரு ஜோக்கைச் சொருகித் தப்பிச்சிருவீங்க." அதனால்தான் இந்தக் கடிதம். பேனாவிலும் ஜோக் வருகிறது என்பதை அவளிடம் சொல்லிவிடாதே.

நடந்தது இதுதான். வண்டி நின்றதும் உன்னை இறக்கி, தண்ணீர் கேனைக் கையில் கொடுத்து, "இங்கே நில்லு, நான் சொன்னதும் ஊத்தணும்" என்று ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில் நிறுத்தியது நான். மூடியின் மேல் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. நீ எட்டிப் பார்த்து, சூடாக இருக்கும்போது திறக்கக் கூடாதென்று போட்டிருக்கிறது என்று எனக்குப் படித்துக் காட்டினாய். "அதெல்லாம் குளிர்நாட்டு அமெரிக்காக்காரனுக்கு எழுதினதுடா. நமக்கு எப்பவுமே சூடுதான்" என்றேன். கடலுக்குப் போக நேரமாகிறதென்று எனக்கு அவசரம். கடல் எங்கே ஓடிப்போகும்? துண்டை மூடியின் மேல் போட்டுத் திருகினேன். வெந்நீர் நான் நினைத்தபடி மேலே போகவில்லை, துண்டுக்கு அடியிலிருந்து பக்கவாட்டில் பீறியது. நீ கேனைக் கீழே போடாமல் நின்றாய். ஊற்றச் சொல்வேன் என்று காத்திருந்தாய்.

உன்னைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த டீக்கடைக்கு ஓடினேன். பின்பக்கக் குழாயடியில் குளிர்ந்த தண்ணீர் வரும் என்று நீலக் குழாயைத் திறந்து உன் கையை நீட்டிப் பிடித்தேன். வெந்த கையின் மேல் இன்னொரு வெந்நீர். ஆகஸ்டில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நம்ம வீட்டில் மே மாதமே ஹீட்டரை அணைத்துப்போட்டு, அதில் வெயில் படாமல் ஆறி நிற்கிற தண்ணீரைச் சிவப்புக் குழாயில் பிடித்துத்தானே குளிக்கிறோம்? அது எனக்கு அந்த நிமிஷம் மறந்துபோயிற்று. நீ அப்போதுதான் அலறினாய். டீக்கடைச் சேட்டன் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். "அது சூடுவெள்ளமாணு! உள்ளே வா, சுவந்த பைப்பு, சுவந்த பைப்பு!" உள்ளே குளியலறைச் சிவப்புக் குழாயின் கீழே உன் கையைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் அவர்தான் நின்றார். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பிறகு கிளினிக், கட்டு, டாக்ஸி.

வீட்டு வாசலில் உங்கம்மா உன் கையைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் திறந்துவிட்டேன். "உன் மகன் பண்ணின வேலையைப் பாரு, கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்துட்டான்." யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. மூடியைத் திறந்தது போலவே, யோசிக்காமல் திறந்த வாய். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அரை நொடிதான். பிறகு, "ஆமாம்மா" என்றாய். மறுநாள் அந்த 'ஆமாம்மா' என் காதில் கேட்காமல் இருக்க ஹெலிகாப்டரைக் கொண்டுவந்தேன். அது போதாமல் ஈரான். அதுவும் போதாமல் ஒட்டகம்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? ஒன்றே ஒன்று. உனக்கும் நித்யாவுக்கும் சண்டை வரும், வராமல் இருக்காது. கொதிக்கும்போது எதையும் திறக்காதே, வாயையும்தான். கூடவே, உன் பேரில் தப்பு இருந்து நீ சிரிக்க வைத்துத் தப்பித்தால், சிரிக்கிறவர்களில் ஒருவர் சட்டைக்கையை இழுத்து விட்டுக்கொள்கிறாரா என்று பார்.

ரேடியேட்டர் சங்கதியைச் சொல்லாமல் விட்டேனே. காப்பரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். குனிந்து, டார்ச் அடித்து, கண்ணாடி போட்டு, எஞ்சின் நம்பரை எழுதி உனக்கு அனுப்பியது அதற்குப் பிறகுதான். 'தேங்க்ஸ்ப்பா' என்று நீ பதில் போட்டாயே, நடுவில் ஒரு காப்பர் வந்து திரும்பிப் போனது தெரியாமலே போட்டாய். நீ சொன்ன அலுமினியம், அகலமான இரண்டு வரிசை, வாய் சரியான பக்கத்தில், ஃபேன் கூடோடு வந்தது. குல் பாய் பொருத்தினார். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை, கூலண்டும் சுத்திகரித்த தண்ணீரும் மட்டும். "யார் சொல்லி வாங்கினே?" என்றார். "மகன்" என்றேன். "அப்படியா? அப்போ குடும்பத்துல ஒருத்தனுக்கு மூளை இருக்கு" என்றார். கோபம் வரவில்லை.

நேற்றுக் காலை மசாஃபி ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்தேன். மீட்டர் முள் பாதியைத் தாண்டவில்லை. நாம் நின்ற இடம் அநேகமாக அதேதான், டீக்கடையைக் காணோம், காரில் உட்கார்ந்தபடியே காபி வாங்குகிற கடை ஒன்று வந்திருக்கிறது. வண்டியை ஓரம்கட்டி எஞ்சினை அணைத்தேன். எங்கும் ஒழுகவில்லை, எதையும் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் மூடி ஆறுகிற வரைக்கும் முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தேன். சும்மா இருந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். வண்டியை நாற்பது தடவை சுற்றினேன். இரண்டு தடவை கை மூடி வரைக்கும் போய்த் திரும்பியது. கடைசியில் தொட்டுப் பார்த்தேன், வெயில் சூடுதான் இருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் காத்திருக்க வேண்டிய முக்கால் மணி நேரத்தை நேற்றுக் காத்திருந்தேன்.

மேடையில் சொல்லத்தான் போகிறேன். உங்கம்மா முன்வரிசையில் உட்காரப்போவதாக மிரட்டியிருக்கிறாள். வேண்டாம் என்று நீ சொன்னாலும் சொல்வேன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உன் பேச்சைக் கேட்கமாட்டேன். ஹெலிகாப்டர் பொய். வெந்நீர் பனைமரம் ஏறவில்லை, உன் கைமேல்தான் ஏறியது. மூடி ஈரானுக்குப் போகவில்லை, என் செருப்புக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அந்த வழியில் அன்றைக்கு ஒட்டகமே வரவில்லை.

ஆனால் எல்லாரும் சிரித்த அந்த வார்த்தை மட்டும் நிஜம். தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டு நின்ற பத்து வயதுப் பையன் ஒருவன் சொன்னான்: 'ஆறட்டும்பா, கொஞ்சம் ஆறட்டும்.' எனக்கு நன்றாகக் கேட்டது, விக்கி.

இப்படிக்கு,
மூடியைத் திறந்த
அப்பா